உருண்டைக்குக் குறைப்பு கிடையாது

ஐம்பத்திரண்டு என்ற எண் எப்படி வாயில் வந்தது என்று திருமேனிக்கே தெரியவில்லை. அறுபது மில்லிமீட்டர் சதுரப் பலகை, இருபது மில்லிமீட்டர் தடிமன், அதன் நட்டநடுவில் ஒரு உருண்டை உட்கார்ந்திருக்கிறது, உருண்டையின் விட்டம் ஐம்பத்திரண்டு, ஐசோமெட்ரிக் புரொஜெக்‌ஷன் வரைக என்று சொல்லிக்கொண்டே போர்டில் எழுதிவிட்டார். எழுதி முடித்துத் திரும்பிப் பார்த்தபோதுதான் கை என்ன எழுதியிருக்கிறது என்று கண்ணுக்குத் தெரிந்தது. இருபத்திரண்டு வருஷமாக இதே பாலிடெக்னிக்கில், கோவில்பட்டி வெயில் நேராக உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும் இதே டிராயிங் ஹாலில், முதல் வருஷப் பிள்ளைகளுக்கு இதே கணக்கைத்தான் போட்டுவருகிறார். ஒருநாளும் உருண்டை ஐம்பதைத் தாண்டியதில்லை. முன்வரிசை ஜெபசீலி கையைத் தூக்கினாள். "சார், எப்பவும் அம்பதுதான குடுப்பீங்க. சீனியர் அக்கா ஷீட்ல கூட அம்பதுதான் இருக்கு." "ஏன், ரெண்டு மில்லிமீட்டர் கூடுனா ஒன் காம்பஸ் தாங்காதா" என்றார். வகுப்பு சிரித்தது, அவரும் சிரித்துவைத்தார். அழித்து ஐம்பது என்று மாற்றிவிடலாம், டஸ்டர் கையில்தான் இருக்கிறது, ஆனால் மாற்றக் கை வரவில்லை. டாக்டர் சொன்னது ஐம்பத்திரண்டுதானே. அஞ்சு புள்ளி ரெண்டு சென்டிமீட்டர் என்று அவர் சொன்னார். அதை மில்லிமீட்டராக மாற்றிக்கொண்டது இவர். டிராயிங் வாத்தியாருக்கு எல்லாமே மில்லிமீட்டர்தான், பெண்டாட்டி தலைக்குள் இருக்கிற கட்டி உட்பட. சுவர்க் கடிகாரத்தில் மணி மூன்றேகால். நாலு மணிக்கு அவர் பெண்டாட்டி அரசி, மதுரை ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணி, திங்கட்கிழமை ஆபரேஷன் வேண்டாம், தை மாசம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லப் போகிறாள். காலையில் டிபன் பாக்ஸை மூடிக் கொடுத்துக்கொண்டே சொன்னாள். அவரும் சரி என்று தலையை ஆட்டிவிட்டு பஸ் ஏறினார்.

மூன்று படங்கள். எல்லாம் அந்த மூன்று படங்களால் வந்தது. போன வாரம் மதுரையில், அரசியின் கண்ணில் சொட்டு மருந்து விட்டு வெளியே பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். டாக்டர் இவரை மட்டும் உள்ளே கூப்பிட்டு, விளக்கு எரியும் கண்ணாடிப் பலகையில் ஸ்கேன் பிலிமைச் செருகினார். மேலிருந்து ஒன்று, முன்னாலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. பிளான், எலிவேஷன், சைடு வியூ. "படத்துல வலது பக்கம் தெரியுறது அவங்களோட இடது பக்கம், குழப்பிக்காதீங்க" என்றார் டாக்டர். "தெரியும் டாக்டர்" என்றார் திருமேனி, அந்த நேரத்திலும் மனுஷனுக்கு ஒரு சின்னப் பெருமை. இடப்பக்கத் தோற்றத்தை வலப்பக்கம் வரையவேண்டும் என்று வருஷாவருஷம் தொண்டை கிழியக் கத்துகிறவர் அல்லவா. மூன்று தோற்றத்தைக் கொடுத்தால் முழுப் பொருளையும் மனசுக்குள் எழுப்பிப் பார்க்க முடியாத பிள்ளைகளை எத்தனை பேரைத் திட்டியிருக்கிறார். கண்ணை மூடு, மேலேருந்து பாரு, முன்னாடி வா, இப்ப பக்கத்துல போய் நில்லு, மூணையும் ஒட்டு, தெரியுதா, இன்னுமா தெரியலை. அவருக்குத் தெரிந்துவிட்டது. டாக்டர் வாயைத் திறக்கும் முன்பே மூன்று வெள்ளை வட்டங்களும் ஒன்றாகச் சேர்ந்து ஒரு உருண்டையாகி, அரசியின் இடது கண்ணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது. அன்றிலிருந்து அது போகவில்லை. அவள் சாமி விளக்குக்குத் திரி போடக் குனியும்போது அதுவும் குனிகிறது. தூக்கத்தில் புரண்டு படுக்கும்போது அதுவும் புரள்கிறது. தெரியாமலே இருந்திருக்கலாம், அந்தப் பிள்ளைகளைப் போல மூன்று தனித்தனிப் படமாகவே தெரிந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. கெட்ட கட்டி இல்லை, பயப்படாதீர்கள் என்றுதான் டாக்டர் ஆரம்பித்தார். ஆனால் கண் நரம்பை அழுத்துகிறது, நாள் கடத்தினால் பார்வை போய்விடும், போன பார்வை திரும்பாது, அப்புறம் வலிப்பு வரும், எடுத்துவிடத்தான் வேண்டும், திங்கட்கிழமைக்கு பெட் போட்டு வைக்கட்டுமா என்றார். போடுங்கள் என்றார் இவர். அதுவரை எல்லாம் சரியாகத்தான் நடந்தது.

"சார், ஐசோமெட்ரிக் ஸ்கேல் போடணுமா, நேர் அளவே எடுத்துக்கலாமா" என்று பின்வரிசையிலிருந்து யாரோ கேட்டார்கள். புரொஜெக்‌ஷன் என்று கேட்டால் ஸ்கேல் போட்டே ஆகவேண்டும் என்றார். போர்டுக்குத் திரும்பி நாற்பத்தைந்து பாகையில் ஒரு கோடு, முப்பதில் ஒரு கோடு, மேல்கோட்டில் உண்மையான அளவுகளைக் குறித்து நேர்கீழே இறக்கினால் கீழ்க்கோட்டில் குறுகிய அளவு கிடைக்கும். கை பாட்டுக்கு வேலை செய்தது. ஒரு பெட்டியை அதன் மூலை நம்மைப் பார்க்கிற மாதிரி சாய்த்து வைத்தால் அதன் எந்த விளிம்பும் நமக்கு முழு நீளத்தில் தெரியாது, மூன்று பக்கமும் ஒரே அளவு குறைந்துதான் தெரியும், நூறு என்பது எண்பத்திரண்டு ஆகிவிடும். குறைந்து தெரிவதால் குறைந்துபோச்சு என்று அர்த்தமில்லை, பொருள் அப்படியேதான் இருக்கிறது, நாம் நிற்கிற இடம் அப்படி. சொல்லிவிட்டுக் கோட்டில் அடுத்த அளவைக் குறித்தார். பஸ்ஸில்தான் அந்தப் பாவத்தைச் செய்தார். மதுரையிலிருந்து திரும்பி வருகையில், சாத்தூர் தாண்டியதும், மருந்து விட்ட கண்ணில் வெயில் படாமல் முந்தானையால் மூடிக்கொண்டே அரசி கேட்டாள், "ஏங்க, எவ்வளவு பெருசு?" அவர் வாயால் பதில் சொல்லவில்லை. வலது கையைத் தூக்கி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரு இடைவெளி காட்டினார். அந்த விரல்களைப் பற்றி பாலிடெக்னிக்கில் எல்லோருக்கும் தெரியும். இருபது மில்லிமீட்டர் காட்டுங்க சார் என்றால் காட்டுவார், ஸ்கேல் வைத்துப் பார்த்தால் இருபதுதான் இருக்கும். அரசிக்கும் தெரியும். கல்யாணமான புதுசில் ஜாக்கெட் துணிக்கு லேஸ் வாங்க அவரைத்தான் அனுப்புவாள், இஞ்ச் டேப்பும் நீங்களும் ஒண்ணு என்பாள். அந்த விரல்கள் அன்றைக்கு ஐம்பத்திரண்டில்தான் ஆரம்பித்தன. அவள் ஒரு கண்ணை முந்தானைக்கு வெளியே எடுத்து உற்றுப் பார்த்தாள். அவள் பார்க்கப் பார்க்க, அவர் சொல்லாமலே, விரல்கள் நெருங்கின. நெல்லிக்காய் அளவுக்கு வந்து நின்றன. "இவ்வளவுதானா" என்றாள். "இவ்வளவுதான்" என்றார். "இதுக்குப் போயா அந்த டாக்டர் அவ்வளவு மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டாரு" என்று முந்தானையை விலக்கிவிட்டு ஜன்னல் வழியே பார்க்க ஆரம்பித்துவிட்டாள். அவ்வளவு நிம்மதி அந்த முகத்தில். அதைக் கலைக்க அவருக்கு மனசு வரவில்லை, வீடு வந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தார், வீடு வந்தது.

நெல்லிக்காய்க்கு என்ன அவசரம் என்று அவள் நினைத்ததில் தப்பே இல்லை. கார்த்திகையில் அரசியின் தங்கச்சி மகள் வைஷாலிக்குக் கல்யாணம். பிள்ளை இல்லாத இவர்கள் வீட்டில் ஆறாம் வகுப்பிலிருந்து தங்கிப் படித்த பெண், அரசியைப் பெரியம்மா என்று கூப்பிடுவது ஊருக்காகத்தான், வீட்டுக்குள் அம்மாதான். ஆபரேஷன் என்றால் தலையை மழித்துவிடுவார்களாம், நர்ஸ் சொல்லிவிட்டாள். "நான் மொட்டைத் தலையோட போயி அவ மணவறை பக்கத்துல நிக்கவா? நல்ல நாளும் அதுவுமா சம்பந்தக்காரங்க என்ன ஏதுன்னு கேக்க மாட்டாங்களா? பொண்ணு முகமே வாடிப்போவும். தை பொறக்கட்டும், நானே வந்து படுத்துக்கிடுதேன்" என்று நியாயம் பேசினாள். நெல்லிக்காய் அளவுக்கு அது நியாயம்தான். ஆனால் நேற்று காபி ஊற்றும்போது தம்ளருக்கு வெளியே ஊற்றினாள். ஒரு விரற்கடை தள்ளி, மேஜையில், நிதானமாக, தம்ளருக்குள்தான் ஊற்றுகிறோம் என்ற நம்பிக்கையோடு ஊற்றினாள். காபி ஓடிவந்து மடியை நனைத்த பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. "தம்ளர தள்ளி வச்சது யாரு" என்று அவரைத்தான் கோபித்தாள். ஒரு கண் மங்கினால் ஆழம் போய்விடும், எது பக்கத்தில் எது தூரத்தில் என்று தெரியாது, எல்லாம் ஒரே தாளில் வரைந்த மாதிரி ஆகிவிடும் என்று அவருக்குத் தெரியும், தெரிந்தும் நான்தான் தள்ளி வச்சேன் என்றார். பொய்க்கு மேல் பொய், அதுவும் பழகிவிட்டது. இன்னும் இரண்டு மாசம் போனால் அந்தப் பெண் கழுத்தில் தாலி ஏறுவதை இவள் பார்ப்பாளா. கூந்தலோடு போய் நிற்பாள், பூ வைத்துக்கொண்டு நிற்பாள், பார்க்கத்தான் மாட்டாள்.  சொல்லிவிட வேண்டும். இப்போதே வெளியே போய்ச் சொல்லிவிட வேண்டும். சொன்னால் என்ன கேட்பாள், ஏன் அன்னைக்கு அப்படிக் காட்டினீங்க என்று கேட்பாள், அதற்கு என்ன சொல்வது, என் விரலுக்குத் தைரியம் இல்லை என்றா சொல்வது. மணி மூன்று இருபத்தைந்து. வகுப்பு முடியட்டும் என்று நினைத்துக்கொண்டார், வகுப்பு முடிவது நாலேகாலுக்கு என்று தெரிந்தே நினைத்துக்கொண்டார்.

பலகையை வரைந்தார். முப்பது பாகையில் இரண்டு பக்கமும் சாய்ந்த கோடுகள், எல்லாம் குறுகிய அளவில். பிள்ளைகளிடம் எப்போதும் சொல்வதைச் சொன்னார்: ரயில் தண்டவாளம் தூரத்தில் போய் ஒட்டிக்கொள்கிற மாதிரி இந்தப் படத்தில் எதுவும் ஒட்டாது, பக்கத்து விளிம்பும் தூரத்து விளிம்பும் ஒரே நீளம், தள்ளி வைத்தால் சின்னதாகிவிடும் என்ற பேச்சுக்கே இங்கே இடமில்லை. தள்ளி வைத்தால். தை மாசத்துக்குத் தள்ளி வைத்தால். இருபத்திரண்டு வருஷமாகச் சொல்லிவருகிற வாக்கியம் இப்படி ஒருநாள் திரும்பி வந்து நிற்கும் என்று யார் கண்டது. சாக்பீஸ் பொடி தொண்டைக்குள் போய்விட்டது என்று தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்தார். பிறகு பலகையின் மேல்முகத்தில் மூலைவிட்டம் போட்டு மையம் கண்டார், மையத்திலிருந்து நேர்மேலே ஒரு கோடு, அதில் குறுகிய அளவில் ஆரத்தைக் குறித்தார், அதுதான் உருண்டையின் மையம். மரக் காம்பஸை எடுத்தார். அந்தக் காம்பஸை விரித்துக்கொண்டே போகும்போது ஒரு இடத்தில் கை நின்றது. இதுவே போதும் என்று தோன்றியது. அப்படித்தான் தோன்றியது, வேறு காரணம் ஒன்றும் அவரால் பிற்பாடு சொல்லமுடியவில்லை. சுற்றினார். பலகையின் மேல் அழகாக, அளவாக, அடக்கமாக ஒரு உருண்டை உட்கார்ந்துகொண்டது. பலகையைத் தொட்டும் தொடாமலும், யாருக்கும் தொந்தரவு இல்லாமல். அதைப் பார்க்க அவருக்கு ஆறுதலாக இருந்தது. இப்படி இருந்திருக்கக்கூடாதா என்று மனசு கெஞ்சியது. இரண்டு எட்டு பின்னால் வந்து நின்று பார்த்தார். வகுப்பில் பென்சில் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது, அறுபது பிள்ளைகளும் அவர் வரைந்ததை அப்படியே இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

"சார்." ஜெபசீலிதான். எழுந்து நின்று, சொல்வதா வேண்டாமா என்று பக்கத்துப் பெண்ணைப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "சார், உருண்டைக்கு ஸ்கேல் போட்டுட்டீங்க." அவர் திரும்பிப் பார்த்தார். "என்ன?" "இல்ல சார், பலகைக்குத்தான குறைப்பு. மையத்தோட உயரத்துக்கும் குறைப்பு. உருண்டைய எந்தப் பக்கம் நின்னு பாத்தாலும் அதே வட்டம்தான் தெரியும், அதனால அதுக்கு மட்டும் உண்மையான ஆரந்தான் எடுக்கணும்னு போன கிளாஸ்ல நீங்கதான் சார் சொன்னீங்க. எல்லாரும் இதுலதான் மார்க்க விடுவாங்கன்னீங்க." ஆமாம், சொன்னார். வருஷாவருஷம் சொல்கிறார். பெட்டிக்குச் சாய்வு உண்டு, பலகைக்குச் சாய்வு உண்டு, தூணுக்கு உண்டு, உருண்டைக்குக் கிடையாது. நீ எங்கே போய் நின்றாலும் சரி, எப்படித் தலையைச் சாய்த்தாலும் சரி, அது உனக்குத் தன் முழு அளவைத்தான் காட்டும். பரீட்சைத் தாள் திருத்தும்போது இந்தத் தப்பைப் பார்த்தால் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு, கவனம் எங்கே என்று எழுதுவார். கவனம் எங்கே. வகுப்பு முழுக்க அவரையே பார்த்தது, அவர் திட்டப் போகிறாரா என்று ஒரு பயம், அவர் முகத்தைப் பார்த்ததும் வேறு மாதிரி ஒரு பயம். ஜெபசீலி தான்தான் ஏதோ செய்துவிட்டோம் என்று "சாரி சார்" என்றாள். "நீ எதுக்கு சாரி சொல்லுத? நீ சொன்னதுதான் சரி. உக்காரு" என்றார். டஸ்டரை எடுத்தார். மையப் புள்ளியை மட்டும் விட்டுவிட்டு, அந்த அடக்கமான உருண்டையை அழித்தார்.

காம்பஸை மறுபடி விரித்தார், குறுக்காமல், முழு ஆரத்துக்கு. அதே மையத்தில் ஊன்றிச் சுற்றினார். இந்த முறை வட்டம் பலகையைத் தொட்டு நிற்கவில்லை, தொடவேண்டிய புள்ளியையும் தாண்டிக் கீழே இறங்கி, பலகையின் முகத்தில் பாதியை மறைத்துக்கொண்டு வந்து முடிந்தது. "சார், பெருசா இருக்கு" என்றான் ஒருவன். "பலகைக்குள்ள அமுங்குன மாதிரி இருக்கு சார்" என்றாள் இன்னொருத்தி. வேறொரு நாளாக இருந்தால், அமுங்கவில்லை, அப்படித் தெரிகிறது என்று விளக்கிப் பத்து நிமிஷம் பேசியிருப்பார்.  அழுத்துகிறது, அழுத்தத்தான் செய்கிறது, டாக்டர் பிலிமில் பேனா முனையால் தொட்டுக் காட்டிய இடம் அதுதான். "அது அவ்வளவு பெருசாத்தான் இருக்கு. நாம அதச் சின்னதா வரைய முடியாது" என்றார். கண் கலங்கிவிட்டது. நல்லவேளை, போர்டைப் பார்த்து நின்றிருந்தார். மணி நாலாகப் பத்து நிமிஷம். "ஜெபசீலி, ஒன் டிவைடரக் குடு" என்றார். காம்பஸ் மாதிரியே இருக்கும், இரண்டு காலிலும் ஊசி, ஒரு இடத்து அளவை அப்படியே எடுத்து இன்னொரு இடத்தில் வைக்க மட்டும்தான் அது. அதை ஸ்கேலில் வைத்து ஐம்பத்திரண்டுக்கு விரித்தார். திருகாணியை இறுக்கினார், இனி விரல் நினைத்தாலும் அது நெருங்காது. வரைந்துகொண்டிருங்கள் என்று சொல்லிவிட்டு வராந்தாவுக்கு வந்தார்.

இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள். "என்னங்க, கிளாஸ் இல்லையா? நானே ஆஸ்பத்திரிக்குப் போடலாம்னுதான் போன கையில எடுத்தேன், இந்த நம்பர் எழுத்தே தெரிய மாட்டேங்குது, கண்ணாடிய மாத்தணும்போல." அவர் சொல்ல வந்ததெல்லாம் போய்விட்டது. "போடாத அரசி" என்றார். "ஏன்?" "நான் அன்னைக்கு பஸ்ல காட்டுன அளவு தப்பு." அந்தப் பக்கம் குக்கரோ என்னவோ ஒரு விசில் வந்தது, யாரும் போய் அணைக்கவில்லை. "தப்புன்னா, கூடவா குறைச்சலா?" என்று கேட்டாள். அவளுக்குப் பதில் தெரிந்துதான் கேட்டாள் என்பது குரலிலேயே தெரிந்தது, குறைச்சல் என்று அவர் சொல்லிவிட மாட்டாரா என்பதும் அதில் இருந்தது. "கூட" என்றார். "எவ்வளவு கூட?" வராந்தாவில் யாரும் இல்லை, ஆனாலும் அவர் டிவைடரைத் தூக்கிப் பிடித்தார், போனுக்கு அந்தப் பக்கம் அவள் பார்க்கிற மாதிரி. எலுமிச்சம்பழம் என்று சொல்ல வாயெடுத்தார். பெரிய எலுமிச்சையா சின்ன எலுமிச்சையா என்று கேட்பாள், அப்போது மறுபடி சின்னது என்று சொல்லிவிடுவோம் என்று பயந்து நிறுத்திக்கொண்டார். அவளே சொன்னாள். "வாயால சொல்லாதீங்க. நீங்க வாயால சொன்னா நான் நம்ப மாட்டேன், நல்லதச் சொன்னாலும் நம்ப மாட்டேன் இனிமே. வீட்டுக்கு வந்து காட்டுங்க." குரல் உடையவில்லை, அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. "திங்கக்கிழமைதானே?" என்றாள். "திங்கக்கிழமைதான்." "வைஷாலிக்கு நான் சொல்லிக்கிடுதேன். நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம்." வைத்துவிட்டாள்.

உள்ளே போய், படத்தை முடித்தவர்கள் ஷீட்டை வைத்துவிட்டுப் போகலாம், முடிக்காதவர்கள் நாளைக்குத் தரலாம் என்றார். பையை எடுத்துக்கொண்டார். ஜெபசீலி வாசலில் நின்று "சார், டிவைடர்" என்றாள். "நாளைக்குத் தாறேன்மா" என்றார். விரித்தபடியே பிடித்திருந்த ஊசிகளைப் பார்த்து அவள் நகர்ந்து வழிவிட்டாள். பஸ் ஸ்டாண்டில் கூட்டம். பைக்குள் போட்டால் திருகாணி தளர்ந்துவிடும் என்று கையிலேயே வைத்துக்கொண்டார், நெஞ்சோடு சேர்த்து, யாரையும் குத்திவிடாமல். கண் நாளுக்கு நாள் மங்குகிறவளுக்கு இதைப் பார்த்தால் தெரியாமல் போகலாம். அவள் கையைப் பிடித்து, இரண்டு முனைக்கும் நடுவில் அவள் விரலை வைத்துத் தொட்டுப் பார்க்கச் சொல்லவேண்டும் என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினார்.